அமைப்பிலக்கணமும் அண்ணாவியார் கொப்பியும்: மன்னார்க் கூத்துப் பனுவல்களின் கணினிப் பதிப்பு குறித்து ஒரு விமர்சனம்

1

ஈழத்து நாட்டுக்கூத்து ஆய்வின் வரலாற்றில் 1960கள் ஏட்டுச்சுவடியும் கையெழுத்துக் கொப்பியும் அச்சேறிய பத்தாண்டாகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இல் வெளிவந்தது. மன்னாரில் வழங்கிய ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும் அவ்வரிசையைத் தொடர்ந்தன. 1967இல் ‘ஞானசௌந்தரி நாடகம்’ வந்தது. ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுப்பும் 1964ஆம் ஆண்டுக்குரியதே. கடற்றொழிலாளரும் கமக்காரரும் இரவிரவாக ஆடிய ஒரு கலையைப் பல்கலைக்கழகம் இலக்கியமென ஏற்றுக்கொண்டமை ஒரு சனநாயக நிகழ்வு என்பதில் எமக்கு ஐயமில்லை. அதே வேளையில், அச்சு தனக்கு வேண்டிய ஒழுங்கினை அப்பனுவல்கள்மீது ஏற்றியது என்பதும் மறுக்கமுடியாதது. பல கொப்பிகளாகப் பரந்து கிடந்தது ஒரே நூலாயிற்று; பல குரல்கள் பாடியது ஒரு பாத்திரத்தின் பெயரின்கீழ் நிரைப்படுத்தப்பட்டது.

இன்று அதே பனுவல்கள் மற்றுமொரு மாற்றத்தை எதிர்நோக்குகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தட்டச்சு வடிவில் தந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் பணி ஈழத்து வெளியீடுகள் பல்லாயிரத்தைப் படிமங்களாகப் பேணியுள்ளது. ஆயின் படிமமோ வெறுந் தட்டச்சோ ஒரு கூத்தில் தரு எத்தனை, அவற்றுள் எவை எப்பாத்திரத்திற்கு உரியவை, எவ்விடத்தில் பிற்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுகின்றனர் என்ற வினாக்களுக்கு விடை தராது. அதற்குப் பனுவலின் உறுப்புகளைக் கணினி அறியுமாறு குறிச்சொற்களால் அடையாளப்படுத்த வேண்டும். அவ்வுறுப்புகள் எவை, எதனுள் எது அடங்கும், எதன் பின் எது வரலாம் என்று விதிக்கும் ஆவணமே ஸ்கீமா எனப்படுவது. அதனை அமைப்பிலக்கணம் என்று இங்கு வழங்குவோம். அவ்விலக்கணத்தை எழுதுவதற்கென ஆக்கப்பட்ட மொழிகளும் உள. இவை அமைப்பிலக்கண மொழிகள். எமது விமர்சனத்திற்குரியவை பெரிதும் இவையே. ஏனெனில் ஒரு தனி இலக்கணத்தின் குறைகளை அதனை எழுதியவர் திருத்திக்கொள்ளலாம். இலக்கணம் எழுதும் மொழியே சிலவற்றைச் சொல்லவிடாது தடுக்குமாயின் எழுதுபவர் அத்தடையை உணராமலே பனுவலை வளைத்துவிடுவர்.

2

இப்பொருள் தமிழ் ஆய்வாளருக்குப் புதியதன்று என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியல் நூல் என்பதன் அமைப்பை வகுக்குமிடத்துச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கு நிலைகளைக் கூறுகின்றது. சூத்திரங்கள் சேர்ந்து ஓத்தாகும். ஓத்துகள் சேர்ந்து படலமாகும். மூன்றையும் அடக்கியது பிண்டம். ஒன்றனுள் ஒன்று முழுமையாக அடங்கும் இப்படிநிலை, இன்றைய கணினியாளர் மரம் என்று சொல்லும் வடிவமேயாகும். எனவே படிநிலை அமைப்பு மேலைத்தேயத்தாரின் சூழ்ச்சி, தமிழ் மனத்துக்கு அந்நியமானது என்று கூறுவார் கூற்று வரலாற்றுக்கு முரணானது. பண்பாட்டுத் தனித்துவம் பேசும் இத்தகைய வாதங்கள் கேட்பதற்கு இனியவை, ஆய்வுக்கு உதவாதவை.

பாட்டியல் நூல்களை நோக்கின் ஒப்புமை இன்னும் நெருக்கமானது. பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். காப்பு முதல் அம்புலி ஈறாக முதல் ஏழு பருவங்கள் இருபாற்கும் பொது. இறுதி மூன்று மட்டும் பாட்டுடைத் தலைவர் ஆணாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்ணாயின் அம்மானை, நீராடல், ஊசல் எனவும் வேறுபடும். அதாவது ஒரு பண்பின் மதிப்பைப் பொறுத்து உள்ளுறுப்புகள் மாறுகின்றன. எளிய விதிதான். ஆயின் எக்ஸ்.எம்.எல். மொழியோடு பிறந்த டி.ரி.டி. என்னும் பழைய இலக்கண மொழியில் இதனை எழுத இயலாது. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் டபிள்யூ3சி என்னும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவிலும் இயலாது. அதன் 1.1 பதிப்பு 2012இல் வந்த பின்னரே அங்கு வழி பிறந்தது. 2001 டிசம்பரில் வெளிவந்த றிலாக்ஸ் என்.ஜி. பண்பையும் உறுப்பையும் ஒரே தரத்தில் வைத்து விதியெழுத விட்டமையால் முதலிலிருந்தே இதற்கு இடமளித்தது.

பாட்டியலார் இன்னொன்றையும் செய்தனர். கலம்பகத்தின் செய்யுட்டொகையைத் தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 என வரையறுத்தனர். நிலவுடைமைச் சமூகத்தின் படிமுறை இங்கே யாப்பு விதியாகவே நிற்கின்றது. பாடப்படுபவனின் சாதி தெரியாமல் அக்கலம்பகம் வழுவுடையதா வழுவற்றதா என்று கூறவும் முடியாது. அமைப்பிலக்கணம் நடுநிலையானதோர் அளவுகோல் என நம்புவோர் இவ்விதியைச் சிறிது சிந்தித்தல் நலம். (ஒரு சிறு வேடிக்கை: எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவின் 2001ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எண்ணத் தெரியும், நிபந்தனை வைக்கத் தெரியாது, றிலாக்ஸ் என்.ஜி.க்கு நிபந்தனை தெரியும், இத்தனை தொடக்கம் இத்தனை வரை என எண்ணுவதற்கு அதனிடம் எளிய வழி இல்லை. பாட்டியலாரின் சாதிக்கணக்கு இரண்டிலும் முழுமையாக அகப்படாது தப்பிவிட்டது.)

மன்னார் அண்ணாவியார் ஆடிய வாசகப்பாவுக்குப் பாட்டியலார் விதி வகுத்திலர். விதி வகுக்கத் தகுந்ததென்று அதனை அவர்கள் கருதவில்லை. ஆகவே அதற்கு முதன்முறையாக அமைப்பிலக்கணம் எழுதுவோர் கையில் மரபின் சுமை இல்லை. பொறுப்பு மட்டும் உண்டு.

3

இம்மொழிகள் எங்கிருந்து வந்தன? கருவியின் பிறப்பிடம் அதன் பயன்பாட்டை முற்றாக நிர்ணயிப்பதில்லை. எனினும் பிறப்பிடத்தை மறைத்துக் கருவியை விளக்க முற்படுவது கருத்துமுதல்வாதமாகும்.

1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சாள்ஸ் கோல்ட்ஃபாப், எட்வேட் மோஷர், றேமண்ட் லோறி ஆகியோர் ஜி.எம்.எல். என்னும் குறிமொழியை உருவாக்கியபோது அவர்கள்முன் இருந்தவை சட்டத்துறை அலுவலகத்தின் ஆவணங்கள். கோல்ட்ஃபாப் சட்டத்தரணியாகப் பயின்றவர். பிரிவு, உட்பிரிவு, பந்தி என ஒழுங்காக அடங்கும் ஆவணமே அவர்களின் மாதிரி. அதன் வழித்தோன்றலான எஸ்.ஜி.எம்.எல். 1986இல் சர்வதேச நியமமாயிற்று. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் அதன் பெரும் பாவனையாளர்களுள் ஒன்று. 1998 பெப்ரவரியில் வந்த எக்ஸ்.எம்.எல். அதன் சுருக்கம். 2001ஆம் ஆண்டு ஸ்கீமாவின் பதிப்பாசிரியர்களுள் எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி தொம்சன் ஒருவர். ஏனையோர் ஒராக்கிள், லோட்டஸ், கொமர்ஸ் வன், மைக்ரோசொஃப்ட் முதலிய நிறுவனங்களைச் சார்ந்தோர். கட்டணஞ் செலுத்தும் நிறுவனங்களே அக்கூட்டமைப்பின் உறுப்பினரில் பெரும்பாலோர் என்பதை நோக்கும்போது இது வியப்பன்று. அந்த ஸ்கீமா 19 அடிப்படைத் தரவு வகைகளைக் கொண்டது. எண், நாள், நேரம், இணைய முகவரி என விரியும் அவ்வகைகள் கொள்வனவுக் கட்டளைக்கும் வங்கிக் கணக்குக்கும் அவசியமானவை. அதன் அறிமுகப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொண்ட ஆவணமும் ஒரு கொள்வனவுக் கட்டளைதான். பண்டப் பரிமாற்றத்தின் தேவை ஆவணத்தின் இலக்கணத்தை எழுதிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயின் முதலாளியம் தன் கருவிகளுக்குள்ளும் முரண்பாட்டைச் சுமந்தே செல்கின்றது. மனிதவியலாளர் இக்கருவிகளைத் தமக்கெனக் கைக்கொண்டதும் அக்காலத்திலேதான். 1987இல் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர் தொடங்கிவைத்த பனுவற் குறியேற்ற முயற்சி, ரி.ஈ.ஐ. என்னும் சுருக்கப் பெயரால் வழங்குவது, 2007 முதல் ஐந்தாம் பதிப்பாக வளர்ந்துவருகின்றது. இன்று உலகெங்கும் செம்பதிப்புகள் அதன் வழிகாட்டலிலேயே குறியேறுகின்றன. தன் இலக்கணத்தை அது எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் அன்றி, றிலாக்ஸ் என்.ஜி.யை அடிப்படையாகக் கொண்டு வகுத்துள்ளமை கவனிக்கத்தக்கது. றிலாக்ஸ் என்.ஜி. ஜப்பானியரான முராட்டா மக்கொட்டோவின் றிலாக்ஸும் ஜேம்ஸ் கிளாக்கின் ட்றெக்ஸும் ஒன்றிணைந்து உருவானது. அதன் வலிமை கணிதத்தில் உள்ளது. நிறுவனங்களின் உடன்படிக்கையில் அன்று. மூன்றாவதொரு மொழியான ஸ்கீமாட்றொன் 1999இல் றிக் ஜெலிஃப் என்பவரால் தாய்வானின் அக்கடெமியா சினிக்காவில் ஆக்கப்பட்டது. அதனைப் பற்றிப் பின்னர்.

4

இனிப் பனுவலுக்கு வருவோம். வாசகப்பா என்னும் பெயரே, பேச்சு வழக்கில் வாசாப்பு என்பது, வாசகமும் பாவும் கலந்து வருதலைச் சுட்டும். நிகழ்ச்சி ஒன்றில் பாத்திரம் விருத்தம் பாடுகின்றது, வசனம் தொடர்கின்றது, மீண்டும் விருத்தம், மீண்டும் வசனம். சில இடங்களில் வசனத்தோடு நிகழ்ச்சி முடியும். சில இடங்களில் விருத்தத்தோடு முடியும். உண்மைக் கொப்பிகளில் தரு, கொச்சகம், கலித்துறை என்பனவும் இடைமிடைந்து வருவதால் அமைப்பு இதனினும் சிக்கலானது. விளக்கத்தின் பொருட்டு இரண்டு உறுப்புகளை மட்டும் கொள்வோம். விதி இது: விருத்தமும் வசனமும் மாறிமாறி வரும்; தொடங்குவது விருத்தம்; முடிவது எதுவாகவும் இருக்கலாம்.

சிறு பிள்ளையும் புரிந்துகொள்ளக்கூடிய இவ்விதியை டி.ரி.டி.யில் எழுத முடியாது. எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவின் உள்ளடக்க விதியிலும் எழுத முடியாது. காரணம் பின்வருமாறு. பனுவலை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும் நிரல், ஓர் உறுப்பைக் கண்டதும் அது விதியின் எந்த இடத்துக்குரியது என்பதை அடுத்ததைப் பாராமலே துணிய வேண்டும் என்று அம்மொழிகள் நிபந்தனை இடுகின்றன. நமது விதியில் ஒரு விருத்தம் வந்தால் அது அடுத்த வசனத்தோடு சேரும் இணையின் முற்பகுதியா, நிகழ்ச்சியை முடிக்கும் தனி விருத்தமா என்பது அடுத்ததைப் பார்த்த பின்னரே தெரியும். வேறு விதமாக எழுதித் தப்பலாமோ எனின் அதுவும் ஆகாது. அன்னே புறுகெமன்-கிளைன், டெறிக் வூட் ஆகியோர் 1990களில் இந்நிபந்தனையைக் கணித முறையில் ஆராய்ந்து, இவ்வகை மாறிமாறி வரும் தொடரை எந்த வடிவில் எழுதினாலும் நிபந்தனைக்கு உட்படுத்த இயலாது என்று நிறுவினர். ஒரு கலைவடிவத்தின் பெயரே சுட்டும் அமைப்பு, ஒரு கருவியின் இலக்கணத்தில் சொல்லப்பட முடியாததாகின்றது!

இந்நிலையில் குறியேற்றுபவர் என் செய்வார்? இரண்டு வழிகளே உண்டு. விருத்தத்தையும் வசனத்தையும் சேர்த்து ‘இணை’ என்றொரு புதிய உறுப்பைக் கற்பித்து அதனுள் அடைக்கலாம். அத்தகைய அலகை எந்த அண்ணாவியாரும் அறியார். ஆயினும் பத்தாண்டு கழித்து அப்பதிப்பைப் பயிலும் மாணவர் ‘மன்னார்க் கூத்தின் அடிப்படை அலகு இணை’ என்று ஆய்வேடு எழுதக்கூடும். மற்றது, விருத்தமும் வசனமும் எவ்வொழுங்கிலும் வரலாம் என்று விதியைத் தளர்த்திவிடலாம். அவ்வாறு செய்தால் தட்டச்சில் ஒரு வசனம் விடுபட்டுப் போனாலும் கணினி அதனைக் காட்டித் தராது. ஒன்று பொய்யான ஒழுங்கு, மற்றது ஒழுங்கின்மை.

அந்நிபந்தனை அவசியமானதா? அன்று. நிரல் எழுதுவோரின் வசதியைக் கருதி எஸ்.ஜி.எம்.எல். அதனை விதித்தது. பழையதோடு இயைபு வேண்டி எக்ஸ்.எம்.எல். அதனைப் பேணியது. ஸ்கீமாவும் வேறு பெயரில் அதனையே ஏற்றது. றிலாக்ஸ் என்.ஜி. அதனை முற்றாகக் கைவிட்டது. கைவிட்டும் பனுவலைச் சோதிக்கும் நிரல்கள் நன்கு இயங்குகின்றன என்பதைக் கிளாக் தாமே எழுதிய நிரலால் காட்டினார். வழக்கம் என்பதற்காகத் தொடரும் ஒரு விதி எவருடைய பனுவல்களை வெளியே நிறுத்துகின்றது என்பதே இங்கு வினா.

இதனினும் ஆழமான சிக்கல் வேறொன்று. எல்லா எக்ஸ்.எம்.எல். ஆவணமும் ஒரே மரம். ஒரு விருத்தத்தின் முதலிரண்டடியை அரசன் பாட அடுத்த ஈரடியை மந்திரி பாடினால், பாவின் எல்லையும் பேச்சின் எல்லையும் ஒன்றையொன்று வெட்டும். பாவை உறுப்பாகக் கொண்டால் பேச்சு முறியும். பேச்சை உறுப்பாகக் கொண்டால் பா முறியும். எஸ்.ஜி.எம்.எல். ஒரே பனுவலுக்குப் பல மரங்களை ஏற்க விருப்பத்துக்குரிய வசதியொன்றை வைத்திருந்தது, அதனை நடைமுறைப்படுத்தியோர் மிகச் சிலர், எக்ஸ்.எம்.எல். அதனை நீக்கிவிட்டது. பனுவல் என்பது படிநிலையாக அடுக்கப்பட்ட உள்ளடக்கப் பொருள்களின் தொகுதியே என 1990இல் ஸ்டீவன் டெறோஸ், அலன் றெனியர் முதலியோர் முன்வைத்த கோட்பாட்டையும் அதனை வகுத்தோரே பின்னர் தளர்த்திக்கொண்டனர். ரி.ஈ.ஐ. முறிந்த அடியின் துண்டுகளை முதல், இடை, கடை எனப் பண்பால் குறிக்கச் சொல்கின்றது. இது பழுதற்ற தீர்வன்று, பயன்படும் தீர்வு.

கூத்திலோ பாடுவோர் இருவர் மட்டுமல்லர். பாத்திரம் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகின்றனர். அண்ணாவியார் மத்தளத்தோடு இடைபுகுகின்றார். அச்சு நூல் அடியை ஒருமுறை அச்சிட்டுப் பாத்திரத்தின் பெயரை அதன்மேல் இட்டது. கூட்டு உழைப்பு தனிமனிதக் கூற்றாக மாறியது இந்த இடத்தில்தான். அச்சு நூலையே மூலமெனக் கொண்டு குறியேற்றினால் இம்மாற்றம் நிரந்தரமாகும். ஐரோப்பிய அச்சு நாடகத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட ரி.ஈ.ஐ. நாடகப் பகுதி இதற்குத் தானே வழிகாட்டாது, ஆனால் தடுப்பதுமில்லை. ஒரு கூற்றுக்குரியவராகப் பலரைச் சுட்ட அதில் இடமுண்டு. அவ்விடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது கூத்தைக் களரியில் கண்டவருக்கே தோன்றும்.

நூலின் தலைப்பும் ஒரு சான்று. ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். 1560இல் மன்னாரில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். சொல்லோ கடற்கரைக் கிராமங்களில் நிலைத்து மக்கள் வாயில் தமிழாகிவிட்டது. ‘எண்டிறீக்கு’ என்பதும் அவ்வாறே. நூற்பட்டியல்களிலும் கட்டுரைகளிலும் இப்பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் வருவதில்லை. ரி.ஈ.ஐ. தலைப்பைக் கட்டாயமாக்குகின்றது, ஆசிரியர் பெயரைக் கட்டாயமாக்கவில்லை என்பது நமக்கு நல்லது. ஆயின் ஒரு தலைப்பையே நியம வடிவமெனக் கொண்டு ஏனையவற்றை வழுவெனத் தள்ளும் நூலகவியற் பழக்கம் இலக்கணத்துள் புகுமாயின், நாநூறு ஆண்டுக்கு மேற்பட்ட மொழிக்கலப்பின் தடயம் ஒரே அழுத்தலில் அழியும். நாளைக் குறிக்கும் தரவு வகையிலும் இதே நிலை. ஸ்கீமாவின் நாள் வகை கிறெகோரியன் நாட்காட்டியை மட்டுமே அறியும். பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சியில் ஆண்டைக் குறித்த தமிழ்ச் சுவடி, மாற்றி எழுதப்பட்டாலன்றி அங்கு நாளற்ற சுவடியே. ரி.ஈ.ஐ. பிற நாட்காட்டிகளுக்கும் வழி வைத்துள்ளமை அதன் முதிர்ச்சியைக் காட்டும்.

குறிச்சொற்களைத் தமிழில் இடலாமா என்று கேட்போருண்டு. எக்ஸ்.எம்.எல். 1998 முதலே தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கின்றது. 2005இல் யூனிக்கோட்டில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ மட்டும் 2008 வரை வெளியே நின்றது. அதற்காகக் கண்ணீர் வடிப்பார் மன்னாரில் எவருமிலர். தருவைத் ‘தரு’ என்றே குறிக்கலாம், குறிப்பதே முறை. ‘பாடற்பகுதி’ என்ற பொதுப்பெயரில் விருத்தமும் கொச்சகமும் தருவும் கரைந்துபோனால், ஒரு களரியின் இசை வேறுபாடுகளைப் பின்னர் எவ்வாற்றானும் மீட்டெடுக்க இயலாது.

5

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வழுவற்க என்று விதிப்பதோடு நின்றுவிடவில்லை. வழுவாயினும் ஏற்றுக்கொள்ளப்படுவனவற்றை அது வகுத்துக் கூறுகின்றது. உரையாசிரியர் இதனை வழுவமைதி என்றனர். வாழும் மொழியின் இலக்கணத்துக்கு இது இன்றியமையாதது. டி.ரி.டி., எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா, றிலாக்ஸ் என்.ஜி. ஆகிய மூன்றுக்கும் தெரிந்தவை வழுவும் வழாநிலையுமே. ஆவணம் ஏற்கப்படும்; அன்றேல் தள்ளப்படும். மேலே நாம் றிலாக்ஸ் என்.ஜி.யைப் பாராட்டியமை இக்குறையை மறைத்துவிடக் கூடாது.

கூத்துக் கொப்பியில் வழு என்பது யாது? பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலில், வாய்மொழிப் பாடலாக்கத்தில் ஒவ்வொரு பாடுகையும் புத்தாக்கமே என்னும் கொள்கையைச் சங்கச் செய்யுளுக்குப் பொருத்திக் காட்டினார். மூலபாடம் ஒன்று, திரிபுகள் பல என்னும் சுவடியியற் கருத்து அங்கு நொறுங்குகின்றது. கூத்துக் கொப்பி முழுமையான வாய்மொழியன்று. எழுத்தைச் சார்ந்து நிற்கும் வாய்மொழி. எனினும் ஆடுவதற்கென ஓர் அண்ணாவியார் இரு தருக்களை நீக்கி ஒரு விருத்தத்தைச் சேர்த்திருப்பின் அது எழுத்தர் பிழையன்று, அரங்கேற்றத்தின் முடிவு. ‘காப்பு இல்லை, ஆகவே ஆவணம் செல்லாது’ என்று கூறும் இலக்கணம் அந்த முடிவைப் பிழையாக்குகின்றது. அதற்கு அஞ்சிக் குறியேற்றுபவர் வேறொரு கொப்பியிலிருந்து காப்பை எடுத்து ஒட்டுவாராயின் அது போலிப் பதிப்பு.

ஸ்கீமாட்றொன் இங்குதான் பயன்படுகின்றது. அது மரத்தின் வடிவை விதிப்பதில்லை. பனுவலை நோக்கிச் சில கூற்றுகளை வைத்து, அவை பொருந்தாவிடின் மனிதர் எழுதிவைத்த வாக்கியத்தை அறிக்கையிடுகின்றது. அவ்வாக்கியம் தமிழில் இருக்கலாம். தள்ளுதல், எச்சரித்தல், வெறுமனே அறிவித்தல் எனத் தரம் பிரிக்கவும் முடியும். ‘இக்கொப்பியில் மங்களம் காணப்படவில்லை, இறுதி ஏடு சிதைந்ததா, ஆட்டத்தில் விடப்பட்டதா எனக் குறிப்பு எழுதுக’ என்று கணினி கேட்குமாயின், அது காவலாளியாக நில்லாமல் உடன்பணியாளராகின்றது. எனவே மன்னார்க் கூத்துக்கு அமைப்பிலக்கணம் எழுதுவோர் கட்டாய உறுப்புகளை இயன்றவரை குறைத்து, றிலாக்ஸ் என்.ஜி.யில் நெகிழ்வான உருவை வகுத்து, மரபின் எதிர்பார்ப்புகளை ஸ்கீமாட்றொனில் எழுதுவதே தக்கது என்பது எமது துணிபு. ஆவணத்தின் அடிப்படை அலகு ‘நூல்’ அன்று. குறித்த கொப்பி, குறித்த ஆட்டம். ‘மூவிராசாக்கள்’ என்னும் ஒரு நாடகத்தின்கீழ் பல கொப்பிகள் சமமாக நிற்க வேண்டும். 1966ஆம் ஆண்டு அச்சுப் பதிப்பும் அவற்றுள் ஒன்றாகவே, மதிப்போடு, நிற்க வேண்டும்.

கட்டாயப் பண்புகள் பற்றிய வினா வெறும் நுட்ப வினாவன்று. ஆவணக் காப்பகம் ஒன்று அண்ணாவியாரின் பெயரோடு சமயம், சாதி என்னும் இரு பண்புகளையும் கட்டாயமாக்கியது என வைத்துக்கொள்வோம். சமூகவியலாளருக்குத் தரவு வேண்டும் என்று அதற்கு நியாயம் கூறலாம். சாதியை மறைப்பது எமது நோக்கமன்று. கூத்தை யார் ஆடலாம், எக்கோயில் முற்றத்தில் ஆடலாம், அரச வேடம் யாருக்கு என்பனவெல்லாம் சாதி உறவுகளால் தீர்மானிக்கப்பட்ட காலத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் கூத்து வரலாறு பொய். ஆயின் சாதி மனிதனின் பண்பன்று. மனிதரிடையே, குறித்த காலத்தில், குறித்த நிலத்திலும் தொழிலிலும் நிலவிய உறவு. அதனைப் பண்பாக எழுதினால் கலம்பகத்தின் 100, 95, 90 என்ற ஏணி மீண்டும் வந்துவிடுகின்றது. நிகழ்வாக எழுதினால், இந்த ஆண்டு இந்த ஊரில் இன்னாருக்கு வேடம் மறுக்கப்பட்டது என்று எழுதினால், வரலாறு ஆகின்றது. இரண்டையும் எழுத எல்லா மொழிகளும் இடந்தருகின்றன. தெரிவு எழுதுவோருடையது.

சமயத்தைப் பண்பாக்குவதும் அவ்வாறே. மன்னார்க் கூத்து என்றவுடன் கத்தோலிக்கக் கூத்து என்று எழுதிவிடுவது எளிது. அச்சேறிய நாடகங்கள் அக்கருத்தை வலுப்படுத்துகின்றன. ஆயின் மன்னாரின் மக்கள் வாழ்வு பேசாலையும் வங்காலையும் மட்டுமன்று; எருக்கலம்பிட்டியும் திருக்கேதீச்சரமும் அதன் பகுதிகளே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது மன்னார் முஸ்லிம்களும் தம் ஊர்களை இழந்தனர். அதே ஆண்டின் போர்ச்சூழலில் தீவின் தமிழ் மக்கள் பலர் மடுவுக்கும் கடல் கடந்து தமிழகத்துக்கும் பெயர்ந்தனர். வள்ளத்தில் ஏறுவோர் கையில் எடுத்தவற்றுள் கூத்துக் கொப்பி இருந்திருக்குமெனில் அது பேறு. இத்தகைய வரலாறுடைய பனுவலுக்கு ‘இருப்பிடம்’ என்று ஒரே ஒரு புலத்தை வைக்கும் அமைப்பிலக்கணம் போதாது. கொப்பி பிறந்த ஊர், ஆடிய ஊர்கள், பெயர்ந்து சென்ற வழி, இப்போது உள்ள வீடு என ஒன்றன்பின் ஒன்றாக, எத்தனை வேண்டுமாயினும், நாளோடும் நாளில்லாமலும் வர இடம் வேண்டும். ரி.ஈ.ஐ.யின் சுவடி விவரணப் பகுதி கைம்மாறிய வரலாற்றை எழுத ஏற்கனவே இடம் வைத்துள்ளது. ஐரோப்பிய மடாலயச் சுவடிகள் பிரபுவிடமிருந்து பிரபுவுக்கு விற்கப்பட்ட கதைக்கென வகுக்கப்பட்ட அவ்வுறுப்பில், தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலைக் கடந்த ஒரு கொப்பியின் கதையை எழுதுவதற்குப் புதிய குறிச்சொல் எதுவும் தேவைப்படாது.